குக்கீக்கு மாற்றாக வாடிக்கையாளர் பட்டியல்: எண்களை ஏற்றும் முன்

நாகர்கோவிலில் விளம்பர வேலை கற்க வரும் பிள்ளைகள், மூன்றாம் தரப்புக் குக்கீக்கு மாற்று என்றதும் நான் சறுக்கிய இடங்களிலேயே சறுக்குகிறார்கள். இந்தக் குக்கீ, தளத்துக்குத் தளம் ஒருவரைத் தொடர விளம்பர நிறுவனங்கள் உலாவியில் வைக்கும் சிறு கோப்பு. அதற்கு ஒரு மாற்று: வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களை ஹாஷ் செய்து, அதாவது குறியீடாக மாற்றி, கூகுளிலோ ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவிலோ ஏற்றுவது. அவை தம் பயனர்களோடு பொருத்திப் பார்த்து விளம்பரம் காட்டும். மங்கலான படம், உடைந்த இணைப்பு போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும்.

கூகுள் பின்வாங்கிவிட்டதே என்று இருப்பது

தன் குரோம் உலாவியில் செய்வதாக 2020இல் அறிவித்த குக்கீ நீக்கத்தை கூகுள் 2024 ஜூலையில் கைவிட்டது உண்மைதான். ஆனால் ஐபோனில் இருக்கும் சஃபாரி உலாவி 2020 முதலே இவற்றை முழுவதும் தடுக்கிறது. கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க ஐபோனில் அறை தேடுபவரை உங்கள் குக்கீ தொடராது.

சீராக்காத எண்களை ஹாஷ் செய்வது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். மார்த்தாண்டத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை நடத்தும் ஓர் அண்ணாச்சி, பில் புத்தகங்களிலிருந்து சேர்த்த எண்களைக் கொடுத்தார். சில எண்களில் நடுவே இடைவெளி, சிலவற்றில் முன்னால் 0. எல்லாவற்றுக்கும் 91 சேர்த்து, ஹாஷ் செய்து ஏற்றினேன். பொருந்தியவர்கள் சொற்பம். அந்தச் சொற்பத்தை வைத்தே அவர்களைப் போன்றவர்களைத் தேடச் சொல்லி, ஓணத்துக்கு ஒதுக்கிய பணம் முழுவதையும் செலவழித்தேன். ஆர்டர் வரவில்லை. போனது அண்ணாச்சியின் பணம்.

ஓர் இடைவெளி மாறினாலும் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் முறை தரும் 64 எழுத்துக் குறியீடு முழுவதும் வேறாகிவிடும். பிறகு அதைத் திருத்த வழியே இல்லை. கூகுள் +91 என்று கூட்டல் குறியோடு கேட்கிறது. மெட்டாவுக்குக் குறி இல்லாமல் 91 போதும். இரண்டுக்கும் ஒரே ஹாஷ் கோப்பை ஏற்றாதீர்கள். நம் மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு: வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொடுத்த எண்கள். 05 என்று தொடங்கும் பத்து இலக்க எண் துபாயுடையதாக இருக்கலாம். அதன் 0வை நீக்கி 971 சேர்க்க வேண்டும். நான் 91 சேர்த்தேன்.

கேட்காமல் ஏற்றுவது

பில்லுக்காகக் கொடுத்த எண்ணை விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நோக்கத்தைச் சொல்லிச் சம்மதம் வாங்கச் சொல்கிறது.

கருவியின் அடையாளங்களை (திரை அளவு, எழுத்துரு போன்றவை) வைத்துப் பின்தொடர்வது

வேண்டாம். குக்கீயையாவது பயனர் அழிக்கலாம்.

பட்டியல் இல்லையென்று கைவிடுவது

ஓண சத்யா (ஓண விருந்து) சமையல் குறிப்பு வரும் பக்கத்தில் சிப்ஸ் விளம்பரம் வையுங்கள். படிப்பவர் யார் என்று தெரியவே வேண்டாம்.

அண்ணாச்சியின் கல்லாவில் இப்போது புதிய நோட்டு இருக்கிறது: நாட்டுக் குறியீட்டுக்கு ஒரு கட்டம், விளம்பரச் சம்மதத்துக்கு ஒரு கட்டம்.