பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

வேலூரில் ஒரு ஸ்கேன் மையத்தில் 22 ஆண்டுகளாகப் படம் எடுக்கிறேன். அறிக்கையில் "நுரையீரலில் முடிச்சு" (படத்தில் தெரியும் சிறிய உருண்டைத் திட்டு) என்ற வரியைப் படித்துவிட்டு முகம் வெளுத்து நிற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது: "முன்பு எடுத்த சி.டி. படம் வீட்டில் இருக்கிறதா?"

திடமான முடிச்சு 2 ஆண்டுகளாக வளராமல் இருந்தால், அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மங்கலான புகைபோலத் தெரிந்தால் 5 ஆண்டுகள் வரை கவனிப்பார்கள். வளர்ச்சியைக் கண்ணால் கணக்கிடாதீர்கள். 8 மி.மீ. முடிச்சு 10 மி.மீ. ஆனால் அற்பமாகத் தெரியும். கன அளவு ஏறக்குறைய இரட்டித்திருக்கும்.

குடியாத்தத்தில் இருக்கும் என் மாமா நாற்பது வருடம் பீடி குடித்தவர். 2020 ஜனவரியில் அவருக்கு 9 மி.மீ. முடிச்சு தெரிந்தது. 2016இல் எடுத்த சி.டி. பிலிம் எங்கே என்று கேட்டேன். முந்தின மாதம் சூரிய கிரகணம் பார்க்கப் பேரன் அதைச் சதுரம் சதுரமாக வெட்டியிருந்தான். "இனி யாருக்கு அது என்று விட்டுவிட்டேனம்மா" என்றார். ஒப்பிட எதுவும் இல்லாததால் நெஞ்சில் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டியதாயிற்று. காசநோய் ஆறிய தழும்புதான். கிரகணத்தை அப்படிப் பார்ப்பது கண்ணுக்கும் கேடு.

அறிக்கையில் அளவைத் தேடுங்கள். 6 மி.மீ.க்குக் குறைந்தவற்றில் புற்றுநோய் மிக அரிது, 30 மி.மீ.யைத் தாண்டினால் அதை முடிச்சு என்றே சொல்வதில்லை. நடுவிலோ முழுவதுமோ சுண்ணாம்பு படிந்திருந்தாலும், உள்ளே கொழுப்பு தெரிந்தாலும் நல்ல அறிகுறி. நெருஞ்சி முள்போல விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தால், அதுவும் மேல் மடலில், புகை பிடித்தவருக்கு என்றால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.

நம் ஊரில் காசநோய் அதிகம். அதனால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில், புற்றுநோயைப் போலவே காசநோயும் ஒளிரும். உடனே புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். சளிப் பரிசோதனை செய்யாமல் படத்தை மட்டும் பார்த்துக் காசநோய் மாத்திரை கொடுத்தால், "கிருமி உறுதியானதா?" என்று கேளுங்கள். அப்படி மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கிவிட்டு, முற்றிய புற்றுநோயோடு என் மேசையில் படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

திசு எடுப்பதாக இருந்தால், ஒரு துண்டு கிருமி வளர்ப்புச் சோதனைக்கும் போகுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். எல்லாவற்றையும் பார்மலினில் (திசு கெடாமல் காக்கும், கிருமியைக் கொல்லும் திரவம்) போட்டுவிட்டால் பிறகு கிருமியை வளர்க்க முடியாது. கிளம்பும்போது பிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, உறைமேல் தேதி எழுதி வையுங்கள்.