பாசாஜ் பொம்ரே: மேலிருந்து இறங்காதீர்கள்

பிரான்சின் நாந்த் நகரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாசாஜ் பொம்ரேயைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கண்ணாடிக் கூரை வேய்ந்த இந்தக் கடைத்தெரு 1843-இல் திறக்கப்பட்டது. பாரிஸிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் நான் அங்கே அழைத்துப் போவது வழக்கம். கூடப் போக முடியாத நாட்களில் தொலைபேசியில் வழி சொல்லி அனுப்புவேன். தனியாகப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். போன மாதமும் ஒரு குடும்பம் அப்படியே செய்துவிட்டுப் போனது. குடையை மறக்காதீர்கள், பணப்பையைக் கவனியுங்கள் போன்ற அறிவுரைகள் உங்களுக்குத் தேவையில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

மேல் வாசலில் நுழைவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

பயணிகள் காலையில் பிளாஸ் கிராஸ்லான் சதுக்கத்துக்குப் போய் 1788-இல் கட்டிய நாடக அரங்கைப் பார்க்கிறார்கள். பிறகு ரு கிரெபியோன் வழியே கடைகளைப் பார்த்தபடி இறங்கி, பக்கத்தில் பிரியும் ரு சான்தோயில் இருக்கும் மேல் வாசலில் நுழைகிறார்கள். கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று படம் எடுக்கிறார்கள். படிகளில் கடகடவென்று இறங்கி, ரு தெ லா ஃபோஸ் வாசலில் வெளியேறி, டிராம் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிடுகிறார்கள். எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பாரிஸ் புறநகரான லா கூர்நேவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி இப்படிப் பார்த்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். “இவ்வளவுதானா அண்ணா? பாரிஸில் இதைவிட நீளமானதெல்லாம் இருக்கிறதே” என்றான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதிவேக ரயிலில் வந்தவன், மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தவன். திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் மறுபடியும் போய்ப் பார் என்று சொல்லவும் வழியில்லை. கீழ் வாசலில் நுழை என்று முதல்நாளே தெளிவாகச் சொல்லியிருந்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்தக் கட்டடம் பிறந்ததே ஒரு மேட்டினால்தான். கீழே ரு தெ லா ஃபோஸ் பக்கம் பங்குச் சந்தை மாளிகையும் துறைமுகமும் வணிகர்களும். மேலே நாடக அரங்கும் வசதி படைத்தவர்களின் வீதிகளும். இரண்டுக்கும் நடுவே அழுக்கடைந்த சந்துகள். லூயி பொம்ரே என்ற நொத்தாரிசு (பத்திரங்களை உறுதிசெய்யும் சட்ட அலுவலர்) அந்த இடத்தை வாங்கி, இரு பக்கத்தையும் கூரையுள்ள கடைத்தெருவால் இணைக்க முனைந்தார். இரு தெருக்களுக்கும் உயர வேறுபாடு 9 மீட்டருக்கு மேல். கடைத்தெரு என்றால் சமதளமாக இருக்க வேண்டும் என்பதுதான் அக்கால வழக்கம். கட்டடக் கலைஞர்களான ஜான் பாப்திஸ்த் புய்ரோனும் இப்போலித் துய்ரான் காஸ்லானும் அந்த உயரத்தை மறைக்கப் பார்க்கவில்லை. கீழே ஒரு நடை, மேலே ஒரு நடை, இடையில் ஒரு நடுத்தளம், மூன்றையும் கோத்துப் பெரிய மரப் படிக்கட்டு என்று அமைத்துவிட்டார்கள். மேட்டை ஏறுவதே அங்கே காட்சியாகிவிட்டது.

கீழிருந்து வருகிறவருக்கு இது சொல்லாமலே புரியும். இரு பக்கமும் கடைகள் வைத்த நடையில் கொஞ்ச தூரம் போனதும் சுவர்கள் விலகுகின்றன. படிக்கட்டு, நடுத்தளம், தூண்கள், அவற்றுக்கும் மேலே கண்ணாடிக் கூரை எல்லாம் ஒரே பார்வையில் எழுந்து நிற்கின்றன. தலை தானாக நிமிர்கிறது. விளக்கேந்திய சிறுவர் சிலைகள் இருக்கின்றன அல்லவா, வணிகம், வேளாண்மை, கலை என்று ஒவ்வொன்றும் ஒரு துறையைக் குறிப்பவை, அவையும் ஏறுகிறவரின் கண்ணில்தான் படிப்படியாக வளர்கின்றன. மேலிருந்து இறங்குகிறவரின் கண்ணோ அடுத்த படியில் இருக்கும். வழுக்கிவிடக் கூடாதே என்று காலைப் பார்க்கிறவர் கூரையை எப்படிப் பார்ப்பார்?

ஆகவே கொமெர்ஸ் நிறுத்தத்தில் டிராமை விட்டு இறங்குங்கள். ரு தெ லா ஃபோஸ் சில நிமிட நடைதான். ஏறும்போது நடுத்தளத்தில் நில்லுங்கள். படிக்கட்டை அங்கிருந்து ஒரு முறை முழுதாகச் சுற்றி வாருங்கள். பலர் அந்தத் தளத்தை மாடிப்படியின் திருப்பம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். அங்கேயும் கடைகள் உண்டு, கட்டடத்தின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்து நன்றாகத் தெரியும் இடமும் அதுதான். பிறகு மேல் வாசல்வரை போய், விரும்பினால் திரும்பி இறங்குங்கள். இரண்டாம் முறை இறங்குவதில் நட்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போவது

போகாதீர்கள். கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். திங்கள் காலையும் சிறிய கடைகளை நம்ப முடியாது.

இருட்டிய பிறகு போவது

கூரை கண்ணாடி. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விடும்.

படிகளில் உட்கார்ந்து படம் எடுப்பது

ஊர் மக்கள் வேலைக்குப் போகிற வழி அது. ஓரமாக நில்லுங்கள்.

புது நீட்டிப்பைப் பழையது என்று நினைப்பது

2015-இல் முடிந்த பெரிய சீரமைப்பின்போது பக்கத்தில் ஒரு புதிய பகுதியும் சேர்க்கப்பட்டது. மழைக்கு ஒதுங்கி அதற்குள் நுழைந்தவர்கள், நூற்றெண்பது ஆண்டுப் பழைய கட்டடம் ஏன் இவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று கேட்டதுண்டு. சிலைகளும் மரப் படிக்கட்டும் கண்ணில் படவில்லை என்றால் நீங்கள் இன்னும் பழைய பகுதிக்கு வரவில்லை. பழைய பகுதி 1976-இலிருந்து பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம்.

கடைகளோடு முடித்துக்கொள்வது

கீழ் வாசலில் இருந்து வெளியே வந்தால், அதே ரு தெ லா ஃபோஸில் 1823-இலிருந்து வரும் சாக்லேட் கடை ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தைப் பார்ப்பதற்காகவாவது ஒரு சிறு பெட்டி வாங்கலாம்.

அங்கிருந்து லுவார் ஆற்றங்கரைக்கு, கே தெ லா ஃபோஸுக்குக் கட்டாயம் போங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சின் மிகப் பெரிய அடிமை வணிகத் துறைமுகமாக இருந்தது நாந்த். அதன் நினைவிடம் 2012-இல் அந்தக் கரையில் திறக்கப்பட்டது. ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு ஈடாகக் கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிகள் முக்கியமானவை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி புதுச்சேரியில் கொள்முதல் செய்த சரக்குகள் ஒரு காலத்தில் நாந்த்தில்தான் ஏலம் போயின. பிறகு அந்தத் துணிகளைப் பார்த்து இங்கேயே அச்சிட்டார்கள். பிரெத்தாஞ் கோமகன்களின் கோட்டையில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். ஊரின் மேல்பகுதியில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதற்கெல்லாம் அடியில் இருந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்காமல் யாரும் திரும்பக் கூடாது என்று நினைக்கிறேன். சோழமண்டலக் கரையோடு தொடர்புள்ள நமக்கு அந்தக் கடமை கூடுதலாகவே இருக்கிறது.

பொம்ரேக்குத் தன் கடைத்தெருவால் இலாபம் கிடைக்கவில்லை. 1848-ஆம் ஆண்டு நெருக்கடியில் அவர் நொடித்துப்போனார். கட்டடம் கைமாறியது, பெயர் மட்டும் அவருடையதாகவே நிற்கிறது.

பிள்ளை வண்டியோடு போவது

நடுப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஏற முயலாதீர்கள். ஒருவர் வண்டியோடு கீழே நிற்கட்டும், மற்றவர் பார்த்துவிட்டு வந்து மாற்றிக்கொள்ளட்டும். அவசரப்படுத்தாமல் நிற்பது மட்டும் முக்கியம்.