முதல் விதைநிதிக்கு விண்ணப்பிப்பது எப்படி: 62 கர்ப்பிணிகள், 2 எலைசா கிட்

மருத்துவக் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியருக்குக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ தரும் விதைநிதி பெரும்பாலும் ஓரிரு லட்சம்தான், கெடு ஓராண்டு. அதற்குள் முழு ஆய்வையும் முடித்துக்காட்டுவதாக எழுதினால் விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும். நாளைக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடத்தில் பெரிய தொகை கேட்கும்போது மதிப்பீட்டாளர் எங்கே சந்தேகப்படுவார் என்று யோசியுங்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் இந்தப் பணத்தைக் கேளுங்கள்.

ஓர் உதாரணம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுத்த ரத்தத்தில் அடிபோனெக்டின் (கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோன்) அளவை வைத்துக் கர்ப்பகால நீரிழிவை முன்கூட்டியே கணிக்க முடியுமா? இங்கே பெரிய கேள்வி, சேர்த்த பெண்கள் 24ஆம் வாரச் சர்க்கரைப் பரிசோதனைக்குத் திரும்பி வருவார்களா என்பதுதான். 80 சதவீதம் வருவார்கள் என்று எதிர்பார்த்து, 10 சதவீதம் முன்பின் போனாலும் பரவாயில்லை என்றால் கணக்கு இது: 3.84 × 0.8 × 0.2 ÷ 0.01 = 61.4 (3.84 என்பது 95 சதவீத நம்பக அளவுக்கான 1.96இன் வர்க்கம், 0.01 என்பது அந்த 10 சதவீதத்தின் வர்க்கம்). ஆக 62 பேர் போதும். ஆனால் இந்த 62 பேரில் நீரிழிவு வருபவர்கள் சிலரே இருப்பார்கள். அதை வைத்துக் கணிப்புத்திறன் பற்றி வாயே திறக்காதீர்கள்.

காலக்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு முதல் 3 மாதம். கர்ப்பிணிகள் என்பதால் முழுக் குழுவும் கூடித்தான் பார்ப்பார்கள். மீதி ரத்தத்தைச் சேமித்து வைக்கத் தனி ஒப்புதல் வேண்டும், அதைத் தமிழ்ப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். 12ஆம் வாரத்தில் சேர்ந்தவர் 24ஆம் வாரத்தை எட்ட 3 மாதம். எனவே 7ஆம் மாதத்தோடு ஆள் சேர்ப்பு முடிய வேண்டும்: 4 மாதத்தில் 62 பேர், வாரத்துக்கு 4 பேர். 5ஆம் மாத முடிவில் 25 பேர்கூடச் சேராவிட்டால் இன்னொரு கர்ப்பிணிகள் ஓபியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான அனுமதியை முதல் விண்ணப்பத்திலேயே வாங்கிவைப்பது நல்லது.

பரிசோதனையை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யலாம் என்றாலும் 24லேயே முடியுங்கள். வளைகாப்பு ஆனதும் பலர் தாய்வீடு போய்விடுவார்கள். பிறகு போனில் பிடிப்பதே கஷ்டம். சேர்க்கும் அன்றே தாய் வீட்டு போன் எண்ணையும் பிக்மி எண்ணையும் (தமிழக அரசின் கர்ப்பப் பதிவு எண்) ஒப்புதலோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் எல்லோரும் சறுக்கும் இடம் எலைசா கிட், அதாவது ரத்தத்தில் அடிபோனெக்டினை அளக்கும் பரிசோதனைப் பெட்டி. தட்டில் 96 குழி இருப்பதால் 96 மாதிரி பார்க்கலாம் என்று எழுதிவிடுகிறார்கள். அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு 8 புள்ளிகளை இரட்டையாக, அதாவது ஒவ்வொன்றையும் இரண்டு குழியில் போட்டால் 16 குழி, தட்டு சரியாக ஓடியதா என்று பார்க்கும் 2 கன்ட்ரோலுக்கு 4 குழி. மிச்சம் 76, அதிலும் இரட்டையாக ஓட்டினால் ஒரு கிட்டுக்கு 38 மாதிரிதான். 62 பேருக்கு 2 கிட், திரும்ப ஓட்ட 14 மாதிரிக்கு இடம் மீதி. இரண்டு கிட்டும் ஒரே லாட் எண்ணாக (ஒரே தயாரிப்புத் தொகுதியாக) இருக்கட்டும். மாதிரி வரவர ஓட்டாமல், சீரத்தை 3 குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துக் கடைசியில் மொத்தமாக ஓட்டுங்கள். இல்லையென்றால் வித்தியாசம் நோயாலா, ஓட்டிய நாளாலா என்று தெரியாது. கிட்டை 6ஆம் மாதத்துக்கு முன் வாங்கினால் காலாவதித் தேதியைப் பாருங்கள். கொட்டேஷனில் ஜிஎஸ்டியும் ஐஸ் பெட்டி அனுப்பும் செலவும் சேர்ந்திருக்க வேண்டும்.

வழிகாட்டி ஒருவர் போதாது. மூத்த ஆய்வாளர் ஒருவர், புள்ளியியலாளர் ஒருவர் என இருவர் வேண்டும்; புள்ளியியலாளரைத் தரவு சேர்ந்த பிறகு தேடிப் போவது வீண். துறைத்தலைவரே வழிகாட்டியாக இருந்தால் "சார், இது சரிவராது" என்று சொல்லத் தயக்கம் வரும், ஆகவே முடிந்தால் வேறு துறையிலிருந்து எடுங்கள். "முழு ஆதரவு தருவேன்" என்ற கடிதத்துக்கு மதிப்பில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம், எந்த மாதம் எந்த வரைவைப் படித்துத் தருவார், கட்டுரையில் முதல் பெயரும் தொடர்பு ஆசிரியரும் யார் என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் இருக்கட்டும். பெயர் வரிசைப் பேச்சைத் தொடக்கத்தில் பேசினால் சங்கடம் ஐந்து நிமிடம்தான். வழிகாட்டியிடம் நிராகரிக்கப்பட்ட பழைய விண்ணப்பம் ஏதாவது இருந்தால் மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு கேட்டு வாங்கிப் படியுங்கள். வெற்றி பெற்றதைவிட அதில்தான் விஷயம் அதிகம்.

பணம் வந்த நாளிலிருந்து தனி நோட்டில் பில் எண்ணோடு செலவெழுதுங்கள். மத்திய அரசுப் பணமென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ் ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் போகும். மார்ச் 31ஐத் தாண்டும் பில்லுக்குக் கணக்குப் பிரிவின் பதிலை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய விண்ணப்பத்துக்கு இங்கிருந்து எடுத்துப்போக வேண்டியவை நான்கு எண்கள்: வாரச் சேர்க்கை, திரும்பி வந்தோர் சதவீதம், அடிபோனெக்டினின் திட்ட விலக்கம், இரட்டைக் குழிகளுக்கிடையேயான மாறுபாடு.