ஃப்ரீசர் ஒழுகினால் முதலில் பார்க்க வேண்டிய துளை

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஃப்ரிட்ஜின் அடியில் தினமும் ஒரு கிண்ணம் தண்ணீர். இரண்டு வாரம் துணி போட்டுத் துடைத்தேன். மாமியார் வழுக்கி விழப் போன அன்றுதான் ஃப்ரீசரைக் காலி செய்து பார்த்தேன். வஞ்சிரத் துண்டுகளுக்கு அடியில், தரை முழுக்கக் கண்ணாடிபோல் பனிப்பாளம்.

அப்படிப் பாளம் கட்டியிருந்தால் பெரும்பாலும் வடிகால் துளைதான் அடைத்திருக்கும். தானாகப் பனி உருக்கும் ஃப்ரிட்ஜில், உருகிய நீர் அந்தத் துளை வழியே இறங்கி, பின்னால் கம்ப்ரசர் மேலுள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டில் ஆவியாக வேண்டும். துளை உறைந்தால் நீர் உள்ளேயே தேங்கிக் கீழ்த்தட்டுகளுக்கு வழிகிறது.

பிளக்கைப் பிடுங்குங்கள். மீனை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கதவைத் திறந்து வையுங்கள். எனக்குப் பாளம் உருக நாலு மணி நேரம் ஆனது. அவசரப்பட்டுக் கத்தியால் குத்தவே கூடாது. குளிரூட்டும் குழாயில் ஓட்டை விழுந்தால் உள்ளிருக்கும் வாயு வெளியேறும், இப்போதைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் அது தீப்பற்றும் வாயு. பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்துத் துளைக்குள் மெல்லச் செலுத்துங்கள். பின்தட்டில் நீர் சொட்டும் ஓசை கேட்டால் அடைப்பு விட்டது. சில ஃப்ரிட்ஜ்களில் துளை பின்பலகைக்குள் மறைந்திருக்கும். அதைக் கழற்ற மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

கதவு ரப்பரையும் பாருங்கள். பத்து ரூபாய்த் தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் நம் கடற்கரை ஈரக்காற்று புகுந்து பனியாகிறது. சோப்பு நீரில் துடைத்தும் பிடிக்காவிட்டால் ரப்பரை மாற்றுங்கள்.

ஐஸ்மேக்கர் கதை வேறு. புதுச்சேரி லாஸ்பேட்டையில் தங்கை வீட்டு ஐஸ்மேக்கரில் ஐஸ் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிக்கொண்டிருந்தன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தண்ணீர் சொட்டியது. ஐஸ்மேக்கருக்குத் தண்ணீர் விடும் வால்வு மின்சாரம் இல்லாதபோது இறுக மூடியிருக்க வேண்டும். சொட்டினால் பழுது அங்கேதான். போர் தண்ணீரின் உப்பு படிந்திருக்கலாம், அல்லது வால்வை இறுக மூடும் அளவுக்குத் தண்ணீரின் அழுத்தம் போதாமல் இருக்கலாம். பத்து மீட்டர் உயரத் தொட்டிதான் ஒரு ‘பார்’ (bar, அழுத்தத்தின் அலகு) அழுத்தம் தரும். தரைத்தள வீட்டின் கூரைத் தொட்டியில் அதில் பாதிகூட வராது. ஃப்ரிட்ஜுடன் வந்த கையேட்டில் எவ்வளவு அழுத்தம் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வால்வை மாற்றுங்கள்.

பின்தட்டை வாரம் ஒருமுறை கழுவி விடுங்கள். டெங்குக் கொசு முட்டையிட அந்தத் தண்ணீரே போதும்.