டேப்லட்டுக்கும் ஒரு செக்ரோல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக இருந்தவன் நான். செக்ரோல் என்னும் ஆள் கணக்கு ஏட்டைப் போல எழுதிப் பார்க்காமல் எனக்கு எதுவும் விளங்காது. நான்காம் ஆண்டு படிக்கும் பேரன் எந்நேரமும் டேப்லட்டும் கையுமாக இருக்கிறான், கேட்டால் "டெலிமா வேலை" என்று பள்ளியின் இணையத் தளத்தைச் சொல்கிறான் என்று மருமகள் குறைப்பட்டபோதும் முதலில் ஒரு நோட்டைத்தான் எடுத்தேன்.

நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். திட்டுவதற்கு முன் இரண்டு வாரம் எழுதுங்கள். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் பள்ளி வேலை, வலப்பக்கம் வேடிக்கை. எங்கள் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை: கணிதப் புதிர் 15 நிமிடம், முடித்த கையோடு கார் பந்தயக் காணொளி 70 நிமிடம். டெலிமா கல்வி அமைச்சு 2020இல் தொடங்கிய தளம். பாடமும் பயிற்சியும் வரும் கூகுள் கிளாஸ்ரூமுக்கு அதன் வழியாகத்தான் போகிறார்கள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. பாடம் நடக்கும் அதே திரையில் விரலைத் தட்டினால் யூடியூப்பும் வந்து நிற்கிறதே, தொல்லை அங்கேதான்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியைப் பெரியவர் கைப்பேசியில் நிறுவி, பிள்ளையின் கணக்கை அதோடு இணையுங்கள். யூடியூப்புக்கு நாளுக்கு 30 நிமிடம் என்று வரம்பு வையுங்கள். கிளாஸ்ரூமை எப்போதும் திறக்கும்படி விடுங்கள். இரவில் டேப்லட் தானே பூட்டிக்கொள்ளும் நேரத்தையும் குறிக்கலாம். ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

அடுத்த ஓட்டை வகுப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழு. வீட்டுப்பாடம் அதில்தான் வருகிறது. பாடம் பார்க்க வேண்டும் என்று அம்மாவின் கைப்பேசியை வாங்குபவன் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திருப்பித் தருகிறான். கொடுக்காதீர்கள். நீங்கள் வாசியுங்கள், அவன் நோட்டில் எழுதட்டும். அறிவியல் பாடக் கலைச்சொற்களில் நான் தடுமாறும்போது பேரன் திருத்துவான். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

இரவு 9 மணிக்கு எங்கள் வீட்டில் பெரட்டு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க எல்லாரையும் கூட்டுவது போல. எல்லாக் கருவிகளும் சாமி மேடைக்குப் பக்கத்துத் தட்டில் வந்து சேர வேண்டும், என்னுடையதும்தான். செய்தி கேட்கிறேன் என்று முதல் வாரம் நழுவப் பார்த்தேன். பேரன் விடவில்லை.

கண்ணுக்கு: 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு எதிர்வீட்டு முருங்கைமரம்.

பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். எந்தப் பயிற்சி திரையில்தான் செய்ய வேண்டும், எது தாளிலும் ஆகும் என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஆசிரியை நோட்டைப் புரட்டிவிட்டு, "இலக்கணப் பயிற்சியைத் தாளிலேயே தரலாம் ஐயா, இதுவரை யாரும் கேட்கவில்லை" என்றார்.

ஃபேமிலி லிங்க் இருக்கும் பெரியவர் கைப்பேசியின் கடவு எண்ணை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். என் பிறந்த ஆண்டைப் போட்டிருந்தேன். இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டான்.