இங்கிலாந்தின் பழைய பங்கு ஆலயங்கள்: ஜன்னலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

போன மாதம் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கில் உள்ள லாங் மெல்ஃபோர்டு ஊர்த் தேவாலயத்துக்குப் புதியவர்கள் சிலரைக் கூட்டிப் போனேன். வாசலிலேயே ஒருவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "500 வருஷமா இடி, மழை எல்லாம் தாங்கி நிக்குது சார்!" என்று உருகினார். இடியைத் தாங்காமல் போனதுதான் பழைய கோபுரம். இப்போது நிற்பது 1903-இல் முடிந்தது. அவரைக் கிண்டல் செய்ய எனக்கு வாயில்லை. நானும் அப்படி உளறியவன்தான்.

கதவு பூட்டியிருக்குமா, டார்ச் வேண்டுமா என்பதெல்லாம் ஒருமுறை போனால் தானே தெரிந்துவிடும். அதனால் விட்டுவிடுகிறேன். புதியவர்கள் ஏமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஜன்னலை வைத்து வயது சொல்வது

நார்மன், எர்லி இங்கிலிஷ், டெக்கரேட்டட், பெர்பெண்டிகுலர் என்று இடைக்கால ஆலயங்களின் கட்டடப் பாணிகளைக் காலவாரியாக வரிசைப்படுத்தியவர் தாமஸ் ரிக்மன், 1817-இல். அரைவட்ட வளைவு என்றால் நார்மன், மேலே நேராக ஓடும் கல் கம்பிகள் என்றால் பெர்பெண்டிகுலர். ஒரே நாளில் படித்துவிடலாம். ஆபத்தே அதில்தான். பழைய வீட்டுக்குப் புது நிலை வைப்பதில்லையா? 12ஆம் நூற்றாண்டுச் சுவரில் 15ஆம் நூற்றாண்டு ஜன்னல் இருக்கும். விக்டோரியா காலத்தில் 14ஆம் நூற்றாண்டுப் பாணியிலேயே புதிதாகச் செய்தும் வைத்தார்கள்.

ஒரு கிராமத்து ஆலயத்துக்கு அறிமுகத்தாள் எழுதிக் கொடுத்தேன். கிழக்கு ஜன்னலின் பூவேலையைப் பார்த்ததும் "14ஆம் நூற்றாண்டு" என்று எழுதி, கைக்காசில் 500 பிரதி அச்சடித்தேன். முதல் ஞாயிறே, பீடத்துக்குப் பூ வைக்கும் பாட்டி என்னை வெளியே கூட்டிப்போய் ஜன்னல் ஓரத்துக் கல்லில் விரலை வைக்கச் சொன்னார். விளிம்பு தேயாமல் கத்திபோல் இருந்தது. சுற்றிலும் வேறு சுண்ணச்சாந்து. உள்ளே அலமாரியில் 1860-களின் கணக்கேடு. அதில் அதே ஜன்னலுக்கான பில். நான் அந்த ஏட்டைக் கேட்கவே இல்லை என்பதுதான் இன்றும் எரிச்சல். அந்தத் தாள்களின் பின்பக்கம் 2 வருடம் எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலானது.

இப்போதெல்லாம் முதலில் வெளியே ஒரு சுற்று. சுவரில் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோடாக இணைப்பு தெரிந்தால், இரண்டு காலத்து வேலை அங்கே சந்திக்கிறது என்று சந்தேகப்படுவேன். கோபுரத்தின் கிழக்கு முகத்தில் பழைய கூரையின் சாய்வுத் தடம் சில இடங்களில் அப்படியே இருக்கும். நார்மன் காலக் கல்லில் கோடாலி சாய்வாகக் கொத்திய தடங்கள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

அதற்காக வழவழப்பான கல்லெல்லாம் புதிது என்று எண்ணவும் வேண்டாம். விக்டோரியா காலத்தில் புதுப்பிக்கிறோம் என்று பழைய கல்லையே சுரண்டித் தள்ளினார்கள். அதைப் பொறுக்காமல்தான் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்.

முழுக் கட்டடத்துக்கும் ஒரே வயது என்பது

அதுவும் தப்பு. இடைக்காலத்தில் பீடப் பகுதியைப் பழுதுபார்ப்பது பங்குக் குருவின் பொறுப்பு, மக்கள் நிற்கும் நடுக்கூடம் ஊராரின் பொறுப்பு. கம்பளி வியாபாரத்தில் ஊர் கொழித்தால் நடுக்கூடம் மட்டும் உயரும். பீடப் பகுதி பழையபடி குட்டையாகவே கிடக்கும்.

குண்டு என்றாலே கிராம்வெல் ஆட்கள்

பிளைத்பர்க் ஆலயக் கூரையின் மரத் தேவதூதர்களில் ஈயக் குண்டுகள் இருந்தன. 1644-இல், உள்நாட்டுப் போரின்போது, கிராம்வெல் இருந்த நாடாளுமன்றத் தரப்புக்காகச் சிலைகளை உடைக்க வந்த வில்லியம் டவுசிங் மேல் ஊரே பழி போட்டது. குண்டுகளோ 18ஆம் நூற்றாண்டில் கூரையில் அடைந்த காக்கைகளைச் சுட்டவை.

கால்மேல் கால் போட்ட கல்லறைச் சிலை

சிலுவைப்போர் வீரர் என்று அர்த்தமில்லை.

தொழுநோயாளி ஜன்னல்

பீடப் பகுதிச் சுவரில் தாழ்வாக இருக்கும் சின்ன ஜன்னலைக் காட்டி, தொழுநோயாளிகள் வெளியே நின்று பூசை பார்க்க வைத்தது என்பார்கள். கட்டுக்கதை.