ஈறில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தாதீர்கள்

பல் துலக்கும்போது இரத்தம் கசிந்தால், அந்த இடத்தைத் தொடாமல் விடுவதே நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அங்கே படிந்துள்ள கிருமிப் படலமே பெரும்பாலும் ஈறை வீங்கச் செய்வதால், மென்மையான பிரஷ் கொண்டு அந்த இடத்தைத்தான் கூடுதல் கவனத்துடன் துலக்க வேண்டும். நோய் ஈறோடு நிற்கும் இந்தக் கட்டத்தில் அதை முழுமையாகக் குணப்படுத்திவிடலாம்.

கவனிக்காமல் விட்டால், படலம் கெட்டியாகிக் காரையாக மாறி, ஈறுக்கு அடியிலும் இறங்குகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடைப்பட்ட ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருப்பது இயல்பு. அதைவிட ஆழமாகி, எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்மானமும் தெரிந்தால், மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டு வேர்ப்பரப்பு வரை சுத்தம் செய்வார். அதற்கும் அடங்காத ஆழமான இடங்களுக்கே ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படும். கரைந்த எலும்பு பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை என்பதால் காலம் தாழ்த்த வேண்டாம்.

"சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்ற அச்சத்தால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரைக் காணும்போது மனம் வருந்துகிறது. எலும்பை ஏற்கெனவே இழந்த பல்லைக் காரைதான் பிடித்துவைத்திருக்கும். அது நீங்கியதும் மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே.

புகைபிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவில் முற்றுவதோடு, சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் அது கடினமாக்குகிறது. ஆகவே பல் மருத்துவரிடம் சர்க்கரை அளவை மறவாமல் தெரிவியுங்கள்.